பள்ளி முதல்வரின் ஒரு வாரம்: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு நாள்வாரி வழிகாட்டி

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முதல்வராகப் போகிறீர்கள் என்றால், பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையில்தான் பள்ளி உங்கள் கைக்கு வரும். கட்டடம் காலியாக இருக்கும். முன்பிருந்தவர் விட்டுப்போன பூச்செடி ஒன்று மேசையில் வாடிக்கொண்டிருக்கும். நிர்வாக மேலாளர் ஒரு தடித்த ஃபைலைத் தருவார். 10 வாரம் கொண்ட நான்கு தவணைகளும் அதில் நிறம் நிறமாக அச்சிட்டிருக்கும். எல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது போலத் தெரியும். ஜனவரி இரண்டாம் வாரத்தில் அந்த ஃபைல் அலமாரிக்குப் போய்விடும்.

நான் தமிழாசிரியராகத் தொடங்கி, தாய்மொழித் துறைத் தலைவராகி, துணை முதல்வராகி, கடைசியில் இரண்டு பள்ளிகளில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவள். தேசியக் கல்விக் கழகத்தின் தலைமைத்துவப் பயிற்சியில் திட்டமிடுவதைப் பற்றி நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பயிற்சிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் என் முதல் தவணை முழுக்க நான் திட்டமிட்டபடி ஒரு நாள்கூட முடிந்ததில்லை. என் நேர மேலாண்மையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு இன்னும் நெருக்கமாகத் திட்டம் போட்டேன். நிலைமை மோசமானது. இரண்டாம் ஆண்டில்தான் புரிந்தது: முதல்வரின் வேலையில் பாதி, யாராவது குறுக்கே வந்து நிற்பதுதான். அதற்கு இடம் விட்டு வாரத்தைப் போட வேண்டும். மூன்று விஷயங்களை மட்டும் ஆணி அடித்து வையுங்கள்: தினமும் காலையில் வாசல், செவ்வாய்க்கிழமை வகுப்பறை, வெள்ளிக்கிழமை கடைசி நாற்பது நிமிடம். மற்றதெல்லாம் நகரலாம்.

ஞாயிறு இரவு

சாப்பிட்டு முடித்து இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். மின்னஞ்சலைத் திறக்காதீர்கள். திறந்தால் இருபது நிமிடம் இரண்டு மணி நேரமாகும், வீட்டில் பேச்சு வாங்க வேண்டிவரும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். அதில் வெள்ளிக்கிழமை எழுதிவைத்த மூன்று பிள்ளைகளின் பெயர் இருக்கும். அது என்ன கணக்கு என்பதை வெள்ளிக்கு வரும்போது சொல்கிறேன்.

பிறகு அந்த வாரத்து நாட்காட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் குறைந்தது இரண்டு மணி நேரம் வெற்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எதை நகர்த்தலாம் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு தந்திரம் சொல்கிறேன். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டால் அலுவலகத்தில் யாராவது ஒரு சந்திப்பைக் கொண்டுவந்து செருகிவிடுவார்கள். அதனால் அந்தக் கட்டங்களில் 'பள்ளிச் சுற்று' என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். நான் எட்டு ஆண்டுகள் அப்படித்தான் சுற்றினேன்.

திங்கள்

பள்ளி 7.30க்குத் தொடங்கும். உங்கள் திங்கள் 6.15க்கே கைப்பேசியில் தொடங்கிவிடும். 'மேடம், காய்ச்சல், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுக்கிறேன்', 'பிள்ளைக்கு வாந்தி, மருந்தகம் திறந்ததும் போகணும்' என்று வரிசையாகச் செய்திகள் வரும். வராத ஆசிரியருக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பும் 'ரிலீஃப்' வேலைக்குத் தனியாக ஆள் இருப்பார், அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எண்ணிக்கையை மட்டும். நடுத்தர அளவுள்ள பள்ளி ஒன்று நாலைந்து பேர் இல்லாமலும் தாங்கும். அதற்கு மேல் போனால் மற்ற ஆசிரியர்களின் ஓய்வுப் பாடவேளைகளெல்லாம் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் நீங்களே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலை மூன்று நல்ல தேர்வு. கதை சொன்னால் கேட்பார்கள், கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

6.50க்கு வாசலுக்குப் போங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். வாசலில் நிற்பது வணக்கம் சொல்வதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். வணக்கம் ஒரு சாக்கு, உங்கள் கண்தான் வேலை செய்ய வேண்டும். யார் யாருடன் வருகிறார்கள், போன வாரம் தாத்தா வந்த இடத்தில் இந்த வாரம் பணிப்பெண் வருகிறாரா, யாருடைய காலணி கிழிந்திருக்கிறது, காரிலிருந்து இறங்கும் பிள்ளை கதவை அறைந்து சாத்துகிறதா, அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு வருகிறார்களா என்று பாருங்கள். வகுப்பாசிரியர் 7.30க்குப் பார்ப்பது சீருடைக்குள் அடங்கிவிட்ட பிள்ளையை. வீட்டை இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளையை வாசலில் நிற்பவர் மட்டும்தான் பார்ப்பார்.

ஒரு மழைநாள் திங்கள். தொடக்கநிலை ஒன்று படிக்கும் பையன் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசல் கம்பியருகே நின்றுவிட்டான். "போடா ராசா, டீச்சரு கூப்பிடுறாங்க பாரு" என்று பாட்டி கெஞ்சுகிறார். அவன் அசையவில்லை. செக்யூரிட்டி அண்ணன் குடையுடன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உள்ளே வா என்று நானும் சொன்னால் மூன்றாவது ஆளாகிவிடுவேன். அவன் கழுத்தில் தொங்கிய போத்தலைக் காட்டி, "இதுல தண்ணியா, மைலோவா?" என்றேன்.

"மைலோ" என்றான், அன்று முதல் தடவையாக வாய் திறந்து.

பாட்டி பதறிவிட்டார். "நான்தான் டீச்சர் ஊத்திக் குடுத்தேன். வெறும் தண்ணின்னா தொடவே மாட்டேங்கிறான். தப்பா எடுத்துக்காதீங்க." பாட்டி மாட்டிக்கொண்டதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு உள்ளே நடந்துவிட்டான்.

விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த திங்களும் அதே கம்பி, அதே முந்தானை. செவ்வாய், புதனெல்லாம் சாதாரணமாக வந்தான். வகுப்பாசிரியரைக் கேட்டேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை, தெரிய வழியும் இல்லை, 7.30க்குள் அவன் சரியாகிவிடுவான். விசாரித்ததில் சனி, ஞாயிறு அம்மாவிடமும் மற்ற நாட்கள் பாட்டியிடமும் இருக்கிறான் என்று தெரிந்தது. திங்கட்கிழமை அவனுக்கு இரண்டு பிரிவு. ஒன்று ஞாயிறு இரவு, இன்னொன்று வாசலில். அதற்குப் பெரிய திட்டமெல்லாம் தேவைப்படவில்லை. அவனுக்குத் துணையாக நியமித்திருந்த ஐந்தாம் வகுப்பு அண்ணனைத் திங்கட்கிழமைகளில் மட்டும் வாசலுக்கே வரச் சொன்னோம். பள்ளி ஆலோசகர் அம்மாவிடம் ஒருமுறை பேசினார். ஐந்தாறு வாரத்தில் சரியானது. பாட்டி மட்டும் கடைசிவரை மைலோவை விடவில்லை.

கொடியேற்றத்தின்போது முன்னால் நிற்க வேண்டிய நாட்கள் உண்டு. மற்ற நாட்களில் பின்னால், தாமதமாக வந்த பிள்ளைகளின் வரிசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். தேசிய கீதமும் உறுதிமொழியும் முடிகிற வரை அவர்களும் அங்கேதான் நிற்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை தானாகத் தாமதிப்பதில்லை, வீட்டில் யாரோ தாமதிக்கிறார்கள். ஒரே பெயர் வாரத்தில் இரண்டாவது முறை வந்தால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 2003 முதல் தொடக்கக்கல்வி இங்கே சட்டப்படி கட்டாயம். ஆனால் நீண்ட நாள் பள்ளிக்கு வராமல் போகும் பிள்ளை ஒரே நாளில் அப்படி ஆவதில்லை. முதலில் பத்து நிமிடத் தாமதம், அப்புறம் திங்கட்கிழமை விடுப்பு, அப்புறம்தான் வாரக்கணக்கில். முதல் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டிய நிலை வராது.

ஜனவரி என்றால் திங்கள் இடைவேளைக்கும் கேண்டீனுக்குப் போங்கள். இரண்டு வெள்ளித் தாளைக் கையில் கசக்கிக்கொண்டு, எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் இடைவேளை முழுவதும் நின்றே தீர்க்கும் புதுப் பிள்ளைகள் இருப்பார்கள். கூட வரும் ஐந்தாம் வகுப்பு அண்ணன், அக்காக்கள் முதல் வாரம் உற்சாகமாக இருப்பார்கள். இரண்டாம் வாரம் தங்கள் நண்பர்களைத் தேடிப் போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் பதினோரு வயதுதான்.

செவ்வாய்

வகுப்பறை நாள். மதிப்பீட்டுப் படிவம் எடுத்துக்கொண்டு போகும் முறையான பாடக் கவனிப்பு வேறு, அதற்கு வேறு நாள் இருக்கும். இது சும்மா போவது. ஒரு வாரம் ஒரு நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புக்குப் பதினைந்து நிமிடம். கடைசி வரிசையில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். ஆசிரியரைப் பார்க்காதீர்கள், பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டுங்கள். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் வகுப்புக்கு முப்பது பேர் அளவில் இருப்பார்கள், மேலே போகப்போக நாற்பது வரை போகும். நாற்பது பேர் வகுப்பில் கடைசி வரிசைப் புத்தகம் பல கதைகளைச் சொல்லும்.

புத்தகத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், முன்பு போலத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து வகுப்பை அளக்க முடியாது. தொடக்கநிலை ஒன்று, இரண்டில் 2019 முதல் மதிப்பெண் சேரும் தேர்வுகளே இல்லை. அரையாண்டுத் தேர்வுகளும் 2023க்குள் எல்லா நிலைகளிலும் எடுக்கப்பட்டுவிட்டன. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் 'என் பிள்ளை எங்கே நிற்கிறான்?' என்று பெற்றோர் கேட்கும்போது பதில் சொல்ல உங்களிடம் இருப்பது அந்தப் பயிற்சிப் புத்தகம்தான். அதில் ஆசிரியர் வெறும் சரி போட்டிருக்கிறாரா, பிள்ளை திருத்தி எழுதியிருக்கிறதா, திருத்தியதை யாராவது மறுபடி பார்த்தார்களா என்று பாருங்கள்.

வெளியே வந்ததும் அன்றைக்கே ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள். கையால், சின்னத் தாளில். 'பின்னப் பாடத்தில் ரொட்டியை வெட்டிக் காட்டியதும் பின்வரிசைப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்' என்பது போல, பார்த்ததை எழுதுங்கள். 'சிறப்பான பாடம்' என்று எழுதினால் நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

செவ்வாயில் தாய்மொழிப் பாடவேளை எப்போது என்று பார்த்து, அந்த நேரத்தில் நடைபாதையில் நில்லுங்கள். மணி அடித்ததும் வகுப்புகள் கலைந்து சீனம், மலாய், தமிழ் என்று பிரிந்து போகும். இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது படிக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம் போவார்கள். சீன வகுப்புப் பெரும்பாலும் தங்கள் வகுப்பறையிலேயே உட்காரும். தமிழ்ப் பிள்ளைகள்தான் மூன்று நான்கு வகுப்புகளிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வந்து உட்காரும் அறை எது என்று பாருங்கள். நான் முதல்வராகப் போன பள்ளி ஒன்றில் அது இசைக்கருவிகள் அடுக்கிவைத்த அறை. பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு டிரம் செட்டைச் சுற்றி உட்கார்ந்து 'உயிர்மெய்' படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கால அட்டவணை போடுபவர் எண்ணிக்கையைப் பார்த்தார், சின்னக் குழுவுக்கு மிஞ்சிய அறை கிடைத்தது. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மிஞ்சிய அறையில் உட்காரும் பிள்ளை, தன் மொழியைப் பற்றிச் சொல்லாமலே ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. அடுத்த தவணையில் அறையை மாற்றினோம். சுவரில் அவர்கள் எழுதியதை ஒட்ட இடம் கிடைத்தது.

நீங்கள் தமிழர் என்றால் இன்னொரு சிக்கல் வரும். தமிழ் வகுப்புக்கு அடிக்கடி போனால் 'அவங்க ஆளுங்க' என்ற பேச்சு எழும், போகாமலே இருந்தால் தமிழ்ப் பெற்றோருக்கு மனவருத்தம். நான் கணக்கு வைத்துக்கொண்டேன். மலாய் வகுப்புக்கு எத்தனை முறையோ தமிழ் வகுப்புக்கும் அத்தனை முறை. ஏப்ரல் தமிழ்மொழி மாதத்தில் மட்டும் கணக்குப் பார்க்கவில்லை.

புதன்

கூட்ட நாள். எங்கள் பள்ளியில் புதன், உங்கள் பள்ளியில் வேறு நாளாக இருக்கலாம். காலையில் நிர்வாகக் குழு, பிற்பகலில் மொத்த ஆசிரியர் கூட்டம். இதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆசையில்லை, உட்கார்ந்ததே போதும்.

துறைத் தலைவர்கள், நிலைத் தலைவர்கள், நிர்வாக மேலாளர் எல்லாரும் இருக்கும் நிர்வாகக் குழுவில் நிகழ்ச்சிகளைப் பேச ஆரம்பித்தால் நேரம் முழுவதையும் நிகழ்ச்சிகளே தின்றுவிடும். முழுமைத் தற்காப்பு தினம், அனைத்துலக நட்பு தினம், இன நல்லிணக்க தினம், தேசிய தினம் என்று வரிசை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு, ஒரு மேடை, ஒரு பின்னணித் திரை. அதனால் முதல் அரை மணி நேரம் பிள்ளைகளின் பெயர் மட்டும். வருகை குறைந்தவர், நிதி உதவி தேவைப்படுபவர், கற்றல் ஆதரவு தேவைப்படுபவர். அதன் பிறகு நிகழ்ச்சி. ஒரு புது நிகழ்ச்சியைச் சேர்க்கச் சொல்லி யார் கொண்டுவந்தாலும் 'எதை எடுக்கலாம்?' என்று கேளுங்கள். பாதி திட்டங்கள் அங்கேயே நின்றுவிடும்.

ஆசிரியர் கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். மின்னஞ்சலில் அனுப்பக்கூடியதை வாயால் படிக்காதீர்கள். திருத்த வேண்டிய நோட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருங்கள்.

வியாழன்

பெற்றோரை இந்த நாளில் சந்திக்கும்படி வைத்துக்கொண்டேன், காரணம் உண்டு. திங்கட்கிழமை வரும் புகாரில் வார இறுதியின் சூடு இருக்கும். வெள்ளிக்கிழமை சந்தித்துச் சரியாக முடியவில்லை என்றால் அது வீட்டில் இரண்டு நாள் கொதிக்கும். வியாழன் சந்தித்தால் வெள்ளிக்கிழமை ஒரு நாள் கையில் இருக்கும்.

புகார் மின்னஞ்சல் ஒன்று இரவு 11.40க்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமானது. நடுவில் பெரிய எழுத்துகள், கல்வி அமைச்சுக்கும் ஒரு பிரதி. நான் செய்துவந்தது இது:

1. மறுநாள் காலை பத்து மணிக்குள் இரண்டு வரி பதில். 'கடிதம் கிடைத்தது, படித்தேன், விசாரித்துவிட்டு இன்ன நாளுக்குள் தொலைபேசியில் அழைக்கிறேன்.' விளக்கம் எதுவும் வேண்டாம். எழுத்தில் கொடுக்கும் விளக்கம் மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும்.

2. ஆசிரியரிடம் பேசுவதற்கு முன் கடிதத்தை அவரிடம் காட்டாதீர்கள். 'அன்றைக்கு என்ன நடந்தது?' என்று முதலில் கேளுங்கள். கடிதத்தைப் பார்த்துவிட்டால் அவர் நடந்ததைச் சொல்லமாட்டார், கடிதத்துக்குப் பதில் சொல்வார்.

3. பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள், எழுதச் சொல்லுங்கள், சின்னவர்கள் என்றால் வரையச் சொல்லுங்கள். யார் எங்கே நின்றார்கள் என்று ஒரு படம் வரைந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

4. சொன்ன நாளில் அழையுங்கள். விசாரணை முடியாவிட்டாலும் அழைத்து, முடியவில்லை என்று சொல்லுங்கள்.

5. நேரில் வரும்போது மேசைக்கு எதிரெதிராக உட்காராதீர்கள். வட்ட மேசை இல்லையென்றால் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்கள் பக்கமாக உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் அவர்களுடையது.

தமிழ்க் குடும்பம் என்றால் தமிழில் பேசலாமா என்று கேட்பார்கள். இதில் கவனமாக இருங்கள். தமிழில் பேசினால் கோபம் இறங்கும், உண்மை. "நீங்க நம்ம ஆளு, நீங்களே சொல்லுங்க" என்பதும் அதே வாயில் வரும். ஒரு அப்பா என்னிடம் அப்படித்தான் ஆரம்பித்தார். அவருடைய மகன் இன்னொரு பையனைத் தள்ளிவிட்டு, அந்தப் பையனுக்கு உதடு கிழிந்திருந்தது. "அண்ணே, உங்க மகனுக்கு நான் நல்லது நெனைக்கறதாலதான் இதை மறைக்கப் போறதில்ல" என்றேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பையனோட வீட்டு நம்பர் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். எண்ணைத் தரவில்லை, தரக்கூடாது. சந்திப்பை நாங்களே ஏற்பாடு செய்தோம்.

சிலர் 'பிரம்பை எடுங்க மேடம்' என்பார்கள், தங்கள் பிள்ளைக்கே. நம் பள்ளிகளில் பிரம்படி விதிப்படி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான், அதுவும் முதல்வரோ அவர் அனுமதித்தவரோ மட்டுமே கொடுக்க முடியும். என் அலமாரியிலும் ஒன்று இருந்தது. நான் எடுத்ததில்லை. எடுத்தவர்களைக் குறை சொல்லவும் வரவில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் ஏன் அடிக்கிறான் என்று தேடிப் போனால் அநேகமாக எங்கோ அவன் அடி வாங்கிய இடத்தில் போய் முடியும் என்பதுதான் என் அனுபவம்.

உங்கள் ஆசிரியர்களுக்கு நீங்கள் வேலியாக நிற்க வேண்டிய இடமும் இதுதான். ஆசிரியர் தன் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பெற்றோரிடம் தர வேண்டியதில்லை, வேலை நேரம் முடிந்த பிறகு பதில் சொல்ல வேண்டியதில்லை என்று 2024இல் கல்வி அமைச்சே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் விதி தாளில் இருக்கும், செய்தி இரவு பத்து மணிக்கு வரும். இளம் ஆசிரியர்கள் பயத்தில் பதில் எழுதிவிடுவார்கள். ஆண்டின் முதல் பெற்றோர் சந்திப்பிலேயே, மேடையில் நின்று, நீங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் சொன்னால் அது அவருடைய பிடிவாதம், முதல்வர் சொன்னால் பள்ளியின் வழக்கம்.

வெள்ளி

காலையில் செயல்பாட்டு மேலாளருடன் ஒரு சுற்று. கழிவறை, படிக்கட்டுக் கைப்பிடி, திடலில் தேங்கிய தண்ணீர், பூந்தொட்டித் தட்டு. டெங்கிக் கொசுவுக்கு ஒரு மூடி அளவு தண்ணீர் போதும். அப்படியே கேண்டீன் கடைக்காரர்களிடம் ஐந்து நிமிடம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் விதிப்படி காய்கறி, பழம், தவிட்டு அரிசி எல்லாம் தட்டில் இருக்க வேண்டும், விலையும் கூடக்கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவே அவர்கள் மாட்டிக்கொண்டிருப்பது கேட்டால்தான் தெரியும். எந்தப் பிள்ளை காசில்லாமல் வெறுமனே கடை முன்னால் நின்றுவிட்டுப் போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நாசி லெமாக் கடை மக்சிக் (கடைக்கார மலாய் அம்மா) எனக்கு இரண்டு பெயரைச் சொன்னார். நிதி உதவித் திட்டத்தில் அவர்கள் இல்லை, விண்ணப்பப் படிவம் பையின் அடியில் மடங்கிக் கிடந்தது. அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் பாடநூல், சீருடை, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. ஆனால் படிவம் ஆங்கிலத்தில், அம்மா இரவு வேலையில். அலுவலகத்திலிருந்து ஒருவர் உட்கார்ந்து நிரப்பிக்கொடுத்தார்.

வெள்ளி மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் எதுவும் வைக்காதீர்கள். முஸ்லிம் ஆசிரியர்கள் தொழுகைக்குப் போகும் நேரம். புதிதாக வந்த முதல்வர்கள் இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன், யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

பிற்பகலில் கையெழுத்துகள், கட்டணம், கொள்முதல். அப்புறம் பிள்ளைகளெல்லாம் போன பிறகு, இணைப்பாட நடவடிக்கைகளும் முடிந்த பிறகு, கதவைச் சாத்திவிட்டு நாற்பது நிமிடம். அந்த வாரம் வாசலிலும் வகுப்பிலும் குறித்த பெயர்களையெல்லாம் ஒருமுறை பாருங்கள். இருபது இருக்கும், முப்பதும் இருக்கும். அதிலிருந்து மூன்றை மட்டும் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வாரம் நீங்களே நேரில் தொடரப்போகும் பிள்ளைகள். மற்றவர்களை வகுப்பாசிரியருக்கோ ஆலோசகருக்கோ ஒப்படைத்து, யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஏன் மூன்று என்றால், ஐந்து எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

வாரம் உடையும்போது

மேலே சொன்னதெல்லாம் சாதாரண வாரத்துக்கு. 2003 மார்ச் 27 அன்று சார்ஸ் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் இளம் ஆசிரியர். 2015 செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்தால் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன, அறிவிப்பு முந்தைய நாள் மாலைதான் வந்தது. 2020 ஏப்ரல் 8 முதல் எல்லாரும் வீட்டிலிருந்தே கற்றோம். இதற்கெல்லாம் தனித் திட்டம் பள்ளியில் இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பள்ளி பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியைப் பார்க்காத வீடுகள் எவை என்ற பட்டியலைச் சாதாரண நாளிலேயே தயார் செய்து வையுங்கள். தாத்தா, பாட்டி மட்டும் உள்ள வீடுகள் அதில் முதலில் வரும்.

ஜூலையில் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு. கட்டம் கட்டமாக நடக்கும், இடம் போதாவிட்டால் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று வீட்டின் தூரம் பார்த்து, அதற்குப் பிறகும் போதாவிட்டால் குலுக்கல். உங்கள் கையில் எதுவும் இல்லை. ஆனால் கோவிலில், கல்யாணத்தில், தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதுகூட 'ஒரு சீட்' என்று காதோரம் வருவார்கள். சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பதிவில் முன்னுரிமைக்காகப் பெற்றோர் தொண்டூழியராக 40 மணி நேரம் உழைத்தவர்கள்கூடக் குலுக்கலில் தோற்பதுண்டு, அவர்கள் முகத்தைப் பார்ப்பதுதான் கடினம்.

ஆகஸ்டில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வு தொடங்கும்போதே பள்ளியின் குரல் தாழ்ந்துவிடும். நவம்பர் இறுதியில் முடிவு. 2021 முதல் பாடத்துக்கு ஏஎல் என்னும் அடைவுநிலை 1 முதல் 8 வரை, நான்கு பாடத்தையும் கூட்டினால் 4 முதல் 32 வரை, குறைந்தால் நல்லது. முதல் ஆண்டு ஒரு தாத்தா முடிவுத்தாளைப் பார்த்து, "எட்டுதானா எடுத்தான்?" என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டார். எட்டு என்பது எப்பேர்ப்பட்ட மதிப்பெண் என்று விளக்கப் பேரனே அவரைத் தனியாக அழைத்துப்போனான். அன்றைக்கு மண்டபத்தில் உங்கள் இடம் மேடை இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவும் பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள், அங்கே போய் நில்லுங்கள்.

ஞாயிறு இரவு மறுபடி அந்த நோட்டு, அதில் மூன்று பெயர். திங்கள் 6.50க்கு வாசல். ஜனவரி என்றால் வடகிழக்குப் பருவமழை விடாது. செக்யூரிட்டி அண்ணனிடம் ஒரு குடைதான் இருக்கும், உங்களுடையதைக் கையோடு கொண்டுபோங்கள்.